இருபத்திரண்டு வினாடித் திருத்தம்

வாஞ்சிநாதனிடம் இருந்த ஒரு அட்டைக்கு மூன்று வாரமாக ஜோடி கிடைக்கவில்லை.

அட்டை, ஜோடி என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் கதை எழுத உட்காரும்போது வெறும் தாளை வெறித்துப் பார்க்கிறவர் அல்ல. கல்கத்தா லேக் மார்க்கெட் வீட்டில் அவருடைய மேஜைமேல் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. இடது டப்பாவில் மனிதர்கள். 'பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி', 'பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அக்காவைப் பிடித்துப்போனவன்' என்று ஒரு அட்டைக்கு ஒரு வரி. வலது டப்பாவில் வேலைகள். பிரஷர் குக்கரின் வெயிட் எப்போது எழும்புகிறது, சலவைக்காரர் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் எப்படித் தனிக் குறி போடுகிறார், ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் ஏன் மோதிக்கொள்வதில்லை. எதைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

இடதில் ஒன்று, வலதில் ஒன்று எடுப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இது எந்த விதத்தில் அது என்று கேட்பார். ஒற்றைப் பாதையில் ஸ்டேஷன் மாஸ்டர் தரும் வளையம் கையில் இருக்கிற ஓட்டுநர்தான் வண்டியை எடுக்கலாம். வளையம் ஒன்றே ஒன்றுதான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிக்கு அந்த வளையம் எது? அம்மா. அம்மா எவன் வீட்டில் இருக்கிறாளோ அவன் குரலை உயர்த்தலாம், மற்றவன் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தக் கதையை வாசகர் வட்டத்தில் வாசித்தபோது இரண்டு அண்ணன் தம்பிகள் எழுந்து வெளியே போனார்கள். தனியாக எந்தத் துறையிலும் புதுசு ஒன்றும் கிடையாது, ஒன்றைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைக்கும்போதுதான் புதுசு பிறக்கிறது என்பது அவர் கட்சி. பொருந்துகிற இடத்தில் கதை நிற்கும், இடிக்கிற இடத்தில் கதை நகரும் என்பார்.

இப்போது கையில் இருந்த அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'ஒருத்தியைக் கேட்காமல் அவள் வாயில் வைத்த சொல்லைத் திரும்ப எடுப்பது எப்படி?'

வலது டப்பா முழுவதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டார். தையலைப் பிரிக்கலாம், ஆனால் ஊசி போன ஓட்டை துணியில் தெரியும். உப்பு கூடிய சாம்பாரில் உருளைக்கிழங்கு போடலாம். சொல்லுக்கு உருளைக்கிழங்கு எது? ஒன்றும் சேரவில்லை. வேறு அட்டையாக இருந்தால் டப்பாவில் போட்டு மூடியிருப்பார். இதைப் போட முடியவில்லை. ஏனென்றால் இது கதைக்காக எழுதிய அட்டை அல்ல.

நடந்தது இதுதான்.

லக்ஷ்மிநாராயணன் அவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர். வங்கியில் அதிகாரி. மனைவி பாகீரதி இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் சுப்ரியா. போன ஐப்பசியில் ஒரு காலை, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அவர் சட்டென்று நின்றார்.

"வாஞ்சி, ஒண்ணு சொல்லணும். பாகீரதி போன மறுமாசம் சுப்ரியாவுக்கு மெட்ராஸ்லேர்ந்து லெட்டர் வந்தது. கட்டடக்கலை படிக்க சீட். நான் அதை அலமாரித் தட்டுல விரிச்ச பேப்பருக்கு அடியில வெச்சுட்டேன். வரலைன்னு சொல்லிட்டேன். அவளும் போயிட்டா அந்த வீட்டுல நான் என்ன பண்றது?"

"இப்பவாவது சொல்லிடேன்."

"சொல்லத்தான் வார்த்தை தேடிண்டிருக்கேன்."

வாஞ்சிநாதன் வீட்டுக்கு வந்ததும் ஒரு அட்டை எடுத்து 'கடிதத்தை ஒளித்த அப்பா' என்று எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம் கூசத்தான் செய்தது. கூசின கையே வலது டப்பாவையும் திறந்தது. வந்தது கிடர்பூர் துறைமுகத்தின் கதவு. ஆற்றில் ஏற்றமும் வற்றமும் மாறி மாறி வரும். கப்பல் நிற்கிற குளத்தில் நீர் இறங்கக் கூடாது, இறங்கினால் கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும். அதனால் வற்றம் வருவதற்கு முன் கதவைச் சாத்தி நீரைத் தேக்கிவிடுவார்கள். அப்பாதான் அந்தக் கதவு. இப்படி ஒரு பொருத்தம் வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் அதிகம். கதையை இரண்டே நாளில் எழுதினார். முடிவில் மகள் கடிதத்தைக் கண்டெடுத்துப் படிக்கிறாள். ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குப் போய் அப்பாவுக்குக் காபி கலந்து வந்து, "ஆறிடப் போறதுப்பா, குடி" என்கிறாள்.

அச்சில் வந்தால் ஆபத்தில்லை என்று அவர் தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தார். சுப்ரியா கல்கத்தாவில் பிறந்து வங்காளிப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வாசகர் வட்டம் வருஷா வருஷம் போடுகிற பொங்கல் மலர் அவளுக்கு வெறும் படப் புத்தகம்.

அந்த வருஷம் வாசகர் வட்டச் செயலாளர் சௌந்தரராஜன் ஒரு யோசனையோடு வந்தார். "பாதிப் பசங்களுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியலை ஸார். மலர் போட்டு யாருக்கு? கேசட்டாப் போட்டுடுவோம். தொண்ணூத்தெட்டு ஆயிடுத்து, இன்னும் பேப்பரைக் கட்டிண்டு அழணுமா?" நூற்றிருபது கேசட், வீட்டுக்கு ஒன்று. எழுதியவர்களே வாசிக்க வேண்டும்.

ஒலிப்பதிவின்போது, கதையின் இரண்டாம் பக்கத்தில் வாஞ்சிநாதனுக்கு அது உறைத்தது. சுப்ரியா இதைக் கேட்பாள். நிறுத்தியிருக்கலாம். வேறு கதை வாசிக்கிறேன் என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்குக் குரல் நன்றாக அமைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சௌந்தரராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போனது அதனால்தான்.

பொங்கலுக்குப் பத்து நாள் கழித்துச் சுப்ரியா வந்தாள். அலிப்பூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கிருந்து நேராக வந்திருந்தாள். வாஞ்சிநாதனின் மனைவி அனந்தலக்ஷ்மி கதவைத் திறந்தாள்.

"வாடி சுப்ரியா. உக்காரு, காபி கொண்டு வரேன்."

"காபி வேண்டாம் மாமி. இனிமே யார் வீட்டுலயும் நான் காபி டம்ளரைத் தொடறதா இல்லை." அவள் வாஞ்சிநாதன் பக்கம் திரும்பினாள். "காக்கு, அந்தப் பொண்ணு நான்தானே?"

காக்கு என்றால் வங்காளியில் சித்தப்பா. பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அது கதைம்மா. கற்பனை..."

"தூர்!" என்று வங்காளியில் எரிந்து விழுந்தாள். "அலமாரித் தட்டு, பேப்பர், லெட்டர். போய்ப் பார்த்தேன், இருந்தது. உங்க கற்பனை எங்க அலமாரிக்குள்ள வந்து உக்காந்திருக்கா?"

அவர் மேஜைமேல் திறந்திருந்த இடது டப்பாவை மூடினார்.

"அப்பா மறைச்சது அப்பா தப்பு. அதுக்கு நான் அவர்கிட்ட சண்டை போடுவேன், இல்லை பேசாம இருப்பேன். அது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. ஆனா மன்னிச்சது? அதை யார் பண்ணினா? நான் பண்ணலை. நீங்க பண்ணிட்டேள், என் பேர்ல. மார்க்கெட்ல பாக்கற மாமியெல்லாம் அது நான்தான்னு கண்டுபிடிச்சு, கன்னத்தைத் தடவி, என்ன மனசுடி உனக்குங்கறா. நான் வீட்டுலயே இருந்தா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். கிளம்பினா, அந்த நல்ல பொண்ணு கெட்டுப்போயிட்டான்னு அர்த்தம். நான் கோபப்படறதுக்கு இடமே வைக்கலியே காக்கு நீங்க!"

அந்த வாரமே அவள் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிக்குப் போய்விட்டாள்.

லக்ஷ்மிநாராயணன் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏரிக்கரையில் வழக்கம்போல் நடந்தார். மூன்றாவது சுற்றில்தான் வாய் திறந்தார். "நன்னா எழுதியிருந்தே. காபி கொண்டு வர இடத்துல எனக்கே கண்ணுல ஜலம் வந்துடுத்து." கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் போய்க் கேக்கறதுக்கு முன்னாடி நீயே மன்னிப்பை வாங்கிக் குடுத்துட்டே. இப்ப நான் எதைக் கேக்கறது?" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

வாஞ்சிநாதன் கேசட்டுகளில் அந்தக் கதையை அழித்துவிடுவது என்று முடிவு செய்தார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. சௌந்தரராஜன் நூற்றிருபதிலும் உடைத்துத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் இயந்திரம் ஏமாந்துவிடும், மறுபடி பதியும். வாஞ்சிநாதன் வீடு வீடாகப் போனார். ஒலி சரியில்லை, மாற்றித் தருகிறேன் என்று பொய் சொல்லி நாற்பத்தொரு கேசட்டுகளை வாங்கி, கதை இருந்த இடத்தில் மௌனத்தைப் பதிந்தார். நாற்பத்திரண்டாவது வீட்டில் விஜயலட்சுமி மாமி நிலைப்படியிலேயே வழிமறித்தாள்.

"ஒலியெல்லாம் ஜோரா இருக்கு. எழுதினது வேணா நீரா இருக்கலாம், தினம் அழறது நான்னா? தரமாட்டேன், போம்."

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு விடுதியிலிருந்து சுப்ரியா போன் செய்தாள். "அழிக்கறேளாமே? ஊர் பூரா நான்தான் அழிக்கச் சொன்னேன்னு பேச்சு. இன்னொரு கதை எழுதிட்டேள் காக்கு, இதுலயும் என்னைப் போட்டுண்டு." ரிசீவரை வைக்கிற சத்தம் கேட்டது.

வாஞ்சிநாதனின் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஆற்றுப் படங்கள் இருக்கிற பிரிவில் அவர் இருபத்தொரு வருஷமாக இருந்தார். ஹூக்ளி ஆற்றின் அடியில் மணல் ஓரிடத்தில் நிற்காது. போன மாதம் கப்பல் போன வழியில் இந்த மாதம் திட்டு முளைத்திருக்கும். அளவுப் படகு போய் ஆழம் பார்த்து வரும். புதிய ஆழத்தைப் படத்தில் ஏற்றுவதுதான் வாஞ்சிநாதனின் வேலை. கப்பலை வழிநடத்துகிற பைலட்டுகள் அந்தப் படத்தை நம்பித்தான் போவார்கள்.

போன் வந்த அன்று மதியம் எதிர் மேஜை மொண்டல் பாபு ஒரு படத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்தார். ஓரிடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவியது. வாஞ்சிநாதன் காலையில் பழைய எண்ணைப் பிளேடால் சுரண்டிவிட்டுப் புதிய எண்ணை எழுதியிருந்தார். அப்படிச் செய்தது அவருக்கே நினைவில்லை.

"வாஞ்சிதா, உடம்பு சரியில்லையா?" என்றார் மொண்டல் பாபு வங்காளியில்; தா என்றால் அண்ணா. "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையன்கூட இதைச் செய்யமாட்டானே! சுரண்டலாமா?"

"தப்பான எண்தானே, போகட்டும் என்று..."

"எங்கே போகும்? பழைய எண்ணை நம்பி ஒருவன் நேற்றே கிளம்பிவிட்டான், நடு ஆற்றில் இருக்கிறான். நம் படத்தில் பழசு தெரிந்தால்தான் தன் கையில் இருப்பதில் எது மாறியது என்று அவனுக்குப் புரியும். நீ சுரண்டிவிட்டால், எதுவுமே மாறவில்லை, முதலிலிருந்தே இப்படித்தான் என்று ஆகிவிடும். அவன் மண்ணில் ஏறுவான், நீ இங்கே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுவாய்."

வாஞ்சிநாதன் மெலிந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தைத் திருத்துகிற முறை அவருக்குக் கைமனப்பாடம். பழைய எண்ணை அழிப்பதில்லை. படிக்கத் தெரிகிற மாதிரி மெல்லிசாக ஒரு கோடு. பக்கத்திலேயே ஊதா மையில் புதிய எண். இடது மூலையில் திருத்தத்தின் வரிசை எண்ணும் வருஷமும். அந்தப் படம் எத்தனை பேரிடம் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் அதே திருத்தம் போக வேண்டும். காரணம் எழுதுவதில்லை, வருத்தம் தெரிவிப்பதில்லை. அதெல்லாம் திருத்துகிறவனுடைய பாடு; கப்பல் ஓட்டுகிறவனுக்கு ஆழம் மட்டும் போதும்.

இருபத்தொரு வருஷம் செய்த வேலை. குக்கர் வெயிட்டுக்கும் சலவைக் குறிக்கும் அட்டை போட்டவர் இதற்கு ஒரு அட்டை போடவில்லை. ஊரார் வேலையெல்லாம் அவருக்கு அதிசயம், தன் வேலை வெறும் பிழைப்பு. அதுதான் அவர் செய்த தவறு. அடுத்தவர்கள் வீட்டிலிருந்தே எடுத்து எடுத்துப் பழகிய கை.

சனிக்கிழமை அரைநாள் விடுமுறை. அலிப்பூரில் அந்த வக்கீல் அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்தார். சுப்ரியா அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தார். அவள் போகவில்லை. நேரே டீக்கடைக்குப் போய் மண் குவளையில் ஒரே ஒரு டீ வாங்கி, நின்றபடியே குடித்தாள். அவருக்கு வாங்கவில்லை.

"அஞ்சு நிமிஷம். சொல்லுங்கோ."

அவர் படத்தைத் திருத்துகிற முறையைச் சொன்னார். சொல்லச் சொல்ல வேகம் வந்துவிட்டது. ஊதா மை ஏன், கோடு ஏன் மெல்லிசு என்று விளக்கப் போனார். அவள் கையை உயர்த்தினாள்.

"புரிஞ்சுது. கதை அப்படியே இருக்கும். முடிவுக்குப் பக்கத்துலயே, இது தப்புன்னு நீங்க சொல்லணும். எல்லாக் கேசட்லயும். அதானே?"

"அதான். கதை முடிஞ்சு அடுத்த பாட்டு ஆரம்பிக்கற வரைக்கும் நடுவுல காலி இடம் இருக்கு. இருபத்திரண்டு வினாடி. அதுக்குள்ள சொல்லணும்."

முதல் தடவையாக அவள் உதட்டோரம் அசைந்தது. "இருபத்திரண்டு வினாடிதானா? உங்களுக்குக் கஷ்டம்தான்."

எழுதி வந்ததைக் கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவள் தாளைத் தலைகீழாகப் பிடித்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. வாங்கி, வாசித்துக் காட்டினார். 'ஆற்று மணல் இடம் மாறுவதுபோல மனித மனமும்' என்ற இடத்தில் அவள், "ஆறு வேண்டாம், அடிங்கோ" என்றாள். 'என் உள்ளம் குற்றத்தால்' என்ற இடத்தில், "உங்க உள்ளத்தை யார் கேட்டா? அடிங்கோ" என்றாள். அவர் அடித்தார். பாதித் தாள் போனது.

"எங்க ஆபீஸ்ல ஒரு ரூல் இருக்கு" என்றாள். "மனுவுல ஒரு வரியை அடிச்சா, யாரோட மனுவோ அவா பக்கத்துல கையெழுத்துப் போடணும். இல்லேன்னா அந்த அடிச்சது செல்லாது. இதுல நான் போடறேன். நான் கேட்டு, சரின்னு சொன்ன அப்புறம்தான் நீங்க பதியணும்."

அவர் டப்பாவில் இல்லாத விஷயம் அது. படத் திருத்தத்தில் ஆற்றிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஆறு படத்தைப் பார்க்கப் போவதில்லை. இங்கே படத்தில் இருக்கிறவளுக்குக் காது இருக்கிறது. அந்த இடத்தில்தான் அவருடைய முறை இடித்தது. அவளுடைய முறை அதைச் சரி செய்தது.

"கடைசியில ஒண்ணு சேருங்கோ" என்றாள். "பொண்ணு இன்னும் ஒண்ணும் சொல்லலைன்னு."

"அப்படிச் சொன்னா, அது நீதான்னு எல்லாருக்கும்..."

"எல்லாருக்கும் தெரியும் காக்கு. தெரியாததைத்தான் சொல்லச் சொல்றேன்." அவர் அதைச் சேர்த்து முழுவதையும் மறுபடி வாசித்தார். அவள் சரி என்று சொல்லி, அடித்த ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் வங்காளி எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மண் குவளையை ஓரத்தில் எறிந்து உடைத்துவிட்டுப் போனாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

வாஞ்சிநாதன் தான் அழித்த நாற்பத்தொரு கேசட்டுகளில் முதலில் கதையை மறுபடி பதிந்தார். தன் குரலை நாற்பத்தொரு முறை கேட்க வேண்டியிருந்தது. நன்றாக இருந்த குரல் ஒவ்வொரு முறையும் உறுத்தியது. பிறகு மற்ற வீடுகளுக்குப் போனார். இந்த முறை பொய் சொல்லவில்லை. "கதையில ஒரு தப்பு பண்ணிட்டேன். பக்கத்துலயே திருத்தம் போட்டுத் தரேன்" என்றார். விஜயலட்சுமி மாமி கேசட்டைத் தந்துவிட்டு, "கதை இருக்குமோன்னோ?" என்று இரண்டு முறை கேட்டாள். இருக்கும் என்றார். நூற்றிருபதும் முடிய ஐந்து வாரம் ஆயிற்று. கடைசிக் கேசட்டை லக்ஷ்மிநாராயணன் கையில் கொடுத்தார். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பங்குனியில் ஒரு நாள் விஜயலட்சுமி மாமி சுப்ரியாவை மார்க்கெட்டில் பார்த்தாளாம். இந்த முறை கன்னத்தைத் தடவவில்லை. "என்னடி, நீ இன்னும் ஒண்ணும் சொல்லலையாமே?" என்று கேட்டாளாம். "இல்லை மாமி" என்றாளாம் சுப்ரியா. "பதறாதே. யோசிச்சுச் சொல்லு" என்று மாமி முருங்கைக்காய் பொறுக்கப் போய்விட்டாளாம்.

அடுத்த வாரம் ஏரிக்கரையில் லக்ஷ்மிநாராயணன் முதல் சுற்றிலேயே பேசினார்.

"சனிக்கிழமை வந்தா. ரெண்டு மணி நேரம் கத்தினா, வாஞ்சி. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிட்டார். எல்லாத்தையும் கேட்டுண்டேன். அப்புறம் நான் கேட்டேன், மன்னிப்பு."

"என்ன சொன்னா?"

"தெரியலைன்னா. அடுத்த சனிக்கிழமை வரேன்னு மட்டும் சொன்னா."

வாஞ்சிநாதனுக்கு மனசில் பாரம் இறங்கவில்லை. ஒலிப்பதிவு அறையில் தெரிந்தே வாசித்தவன் தான் என்பதை எந்தத் திருத்தமும் மாற்றாது. திருத்தம் அவருக்காகச் செய்ததும் அல்ல. வீட்டுக்குப் போனால் மன்னித்ததாகிவிடும் என்ற பயமில்லாமல் சுப்ரியா போக முடிந்தது, கேட்க ஒன்று மிச்சம் இருக்கிறது என்று அவள் அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்கு அந்த இருபத்திரண்டு வினாடி போதுமாக இருந்தது.

அதில் இருந்தது இவ்வளவுதான்:

"திருத்தம் ஒன்று, தொண்ணூற்றெட்டு. இந்தக் கதையின் முடிவில் மகள் அப்பாவை மன்னிக்கிறாள். அந்த மன்னிப்பை எழுதியவர் தானாகச் சேர்த்தார், மகளைக் கேட்கவில்லை. மகள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியவர், வாஞ்சிநாதன்."

ஒருத்தியைக் கேட்காமல் அவள் வாயில் வைத்த சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. அதை அழிக்காமல் விட்டு, அதன் பக்கத்திலேயே, அதைக் கேட்ட அத்தனை பேரும் கேட்கும்படி, வைத்தவன் தன் குரலில் அது தவறு என்று சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் அவளிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும்.